சலூன் நாற்காலியும் மருந்துச் சீட்டும் – கடிதம்

வணக்கம்.

அமெரிக்காவில் கறுப்பின ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளும் சலூன்களிலேயே பிரஷர் பார்த்து, அதை நன்றாகக் குறைத்தும் காட்டினார்கள் என்று படித்தேன். டாக்டர் சொல்லிக் கேட்காதவர்கள் சலூன்காரர் சொன்னால் கேட்கிறார்களா? பார்த்துச் சொல்வதே போதுமா?

கே.

அன்புள்ள கே.,

போதாது. ரொனால்ட் விக்டர் என்ற இதயநோய் மருத்துவர் டாலஸில் 17 சலூன்களில் செய்தது கிட்டத்தட்ட அதைத்தான். முடிதிருத்துநரே பிரஷர் பார்த்து, கூடுதலாக இருந்தால் டாக்டரிடம் அனுப்பினார். 2011இல் வெளியான முடிவில் பலன் தெரிந்தது, ஆனால் சிறிய பலன். சலூனிலிருந்து கிளம்புகிறவர் கிளினிக் போய்ச் சேரவேண்டும். வேலையில் லீவு வேண்டும், காப்பீடு வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் பல டாக்டர்கள் மருந்தைக் கூட்டாமல் பழைய மாத்திரையையே தொடரச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே லாஸ் ஏஞ்சலஸில் மருந்தையே சலூனுக்குக் கொண்டுவந்தார். 52 சலூன்கள், 319 ஆண்கள், எல்லோருக்கும் பிரஷரின் மேல் அளவு, அதாவது முதலில் சொல்லும் எண், 140 அல்லது அதற்கு மேல். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் சலூனுக்கே வந்தார். டாக்டர்களோடு முன்கூட்டியே எழுதிக்கொண்ட ஒப்பந்தப்படி அவரே மருந்து எழுதலாம், அளவைக் கூட்டலாம். பெரும்பாலும் அம்லோடிபின், அதோடு இர்பெசார்டன் போன்ற ஒன்று, இன்னும் குறையாவிட்டால் இண்டபமைடு. கடைசி இரண்டும் ரத்தத்தில் பொட்டாசியத்தையோ சோடியத்தையோ மாற்றக்கூடியவை. அந்தப் பரிசோதனையும் சலூனிலேயே நடந்தது.

ஆறு மாதத்தில் இவர்களின் மேல் அளவு 153இலிருந்து 126க்கு வந்தது. 130/80க்குக் கீழே வந்தவர்கள் 63.6 சதவீதம். மறு பிரிவில் சலூன்காரர் அறிவுரை சொல்லி டாக்டரிடம் அனுப்பியதோடு சரி. அங்கே அது 11.7 சதவீதம்தான். ஆனால் அவர்களுக்கும் சராசரி 9 புள்ளி குறைந்திருந்தது. எதையும் செய்யாவிட்டாலும் இப்படிக் கொஞ்சம் இறங்கும். அளவு உச்சத்தில் இருந்த நாளில் ஆளைச் சேர்த்தால் அடுத்த முறை அது தானாகவே தாழ்ந்து வரும். ஒப்பிட இன்னொரு குழு இல்லாத முகாம்கள் ஏமாறுவது இங்கேதான்.

டாக்டர் சொல்லி ஏன் கேட்பதில்லை என்கிறீர்கள். அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களை அரசின் சுகாதாரத் துறையே சிகிச்சையில்லாமல் விட்டுவைத்துக் கவனித்துக்கொண்டிருந்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த அவநம்பிக்கை நியாயமானது. வழக்கமாகத் தலையைக் கொடுத்து உட்காரும் கடைக்காரரிடம் அது இல்லை. சலூன்காரர் தருவது இந்த நம்பிக்கையை. அழுத்தத்தைக் குறைத்தது மருந்து.

சலூனில் பிரஷர் பார்ப்பதில் தவறும் எளிது. பேச்சு ஓயாத இடம் அது. பேசிக்கொண்டே பார்த்தால் 10 புள்ளிவரை கூடிவிடும். கால்மேல் கால் போட்டிருந்தாலும், கையைத் தொங்கவிட்டிருந்தாலும் ஏறும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் 20 வரைகூடப் பொய்யாக ஏறும், அதை நம்பி மருந்தைக் கூட்டினால் மயக்கம்தான். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சுயரத்தில் இருக்கவேண்டும். சட்டைக் கையின்மேல் பட்டை வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும்.

அந்த ஆய்வில் சலூன்களுக்குப் போனவர்கள் முழுநேர மருந்தாளுநர்கள் இரண்டே பேர். லாஸ் ஏஞ்சலஸ் நெரிசலில் கடைக்குக் கடை காரோட்டிக்கொண்டு போனார்கள். இதைப் பெரிதாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கணக்குப் போடவேண்டியது அந்தச் சாலை நேரத்துக்கு யார் சம்பளம் தருவது என்பதைத்தான்.