பழைய பித்தளை ஸ்டவ்வில் காற்று ஏறவில்லையா?

தாத்தா கூடாரப் பயணங்களுக்குக் கொண்டுபோன பிரைமஸ் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் எவ்வளவு பம்ப் அடித்தாலும் காற்று ஏறலைன்னு எழுதியிருக்கீங்க. அவசரப்பட்டு பர்னரைக் கழற்றிடாதீங்க. பம்ப் கம்பி எதிர்ப்பே இல்லாம லொடலொடன்னு போகுதுன்னா, நுனியில இருக்கிற தோல் வாஷர் காய்ந்து சுருங்கிடுச்சுன்னு அர்த்தம். அதைக் கழற்றி ஒரு ராத்திரி தையல் மெஷின் எண்ணெயில ஊறப் போடுங்க. காலையில ஓரத்தை விரலால மெல்ல விரிச்சு, குடை மாதிரி ஆக்கி மாட்டுங்க. பாதி ஸ்டவ் இதிலேயே உயிர் பெற்றுடும்.

அடிச்சு விட்டதும் கம்பி தானா மேலே எழும்பி வந்தா கோளாறு வேற: பம்ப் குழாயோட அடியில இருக்கிற வால்வு. அதுக்குள்ள இருக்கிற குட்டி ரப்பரை மாத்தணும்.

1892-ல் ஸ்வீடன்காரர் ஃப்ரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கினது இந்த ஸ்டவ். திரியே கிடையாது, சூடான பர்னரில் மண்ணெண்ணெய் ஆவியாகித்தான் எரியும். அதனால முதல்ல பர்னருக்குக் கீழே இருக்கிற கிண்ணத்துல ஸ்பிரிட் ஊற்றி எரிய விடுங்க. சூடேறாம பம்ப் அடிச்சா மஞ்சள் தீ முகத்துக்கே எழும் (என் புருவம் ஒருதடவை போச்சு!).

பெட்ரோல் ஊற்றவே கூடாது. கூடாரத்துக்குள்ளயும் பற்ற வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயு வாசனையே காட்டாது.

பித்தளையைப் பளபளன்னு தேய்க்கிறதை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. அந்தக் கறுப்பு தாத்தாவோட கைவேலை இல்லையா?