ஓலை வாசிப்பதற்குள் படங்களை அனுப்பிவிடலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், வயது 27. கட்டிக்கொள்வதாகச் சொல்லி நாலு வருடம் நெருங்கிப் பழகியவர், இப்போது வேறு இடத்தில் நிச்சயம் செய்துவிட்டார். வரும் ஞாயிறு கோயிலில் (சர்ச்சில்) முதல் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு வாசிப்பார்கள். வளைகுடா போக நான் கடனாகக் கொடுத்த 1,80,000 ரூபாயும் வரவில்லை. எங்கள் அந்தரங்கப் படங்களைப் பெண் வீட்டுக்கு அனுப்பினால் என்ன? பலாத்காரக் கேஸ் கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. படங்களை மட்டும் அனுப்பாதீர்கள். இன்று வரை புகார் கொடுக்கும் இடத்தில் இருப்பது நீங்கள். படங்கள் போன நிமிடமே புகார்தாரர் அவர், குற்றம் சாட்டப்பட்டவர் நீங்கள்.

அந்தரங்க உறுப்பு தெரியும் படத்தை அவர் சம்மதமில்லாமல் பிறருக்கு அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 வருடம் வரை சிறை. உடலுறவுக் காட்சி என்றால் 67ஏ: முதல் தடவைக்கே 5 வருடம் வரை சிறையும் 10 லட்சம் வரை அபராதமும். படத்தில் நீங்களும் இருப்பதால் தப்ப முடியாது. "பணத்தைத் தா, இல்லாவிட்டால் அனுப்புவேன்" என்று எழுதுவதும் ஆபத்து. உங்களுக்கு வரவேண்டிய பணமே மிரட்டிப் பறித்ததாகப் புகாராகும். பணம் கைமாறியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 308-இல் 7 வருடம் வரை. பிறகு அழித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். காதலனைக் கஷாயத்தில் விஷம் வைத்துக் கொன்ற பாறசாலை கஷாய வழக்கின் சூழ்நிலை வேறு என்றாலும், நம் மாவட்டத்துப் பெண்ணுக்கு 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது, இணையத்தில் அவர் தேடியவைகூடச் சாட்சியமாக நின்றன.

இனி கேஸ். சம்மதத்தோடு பழகியதைப் பலாத்காரம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பொய்ப் புகார் என்று முடிந்தால் அதே சன்ஹிதாவின் 248-ஆம் பிரிவு உங்கள் மேல் வரும். உங்களுக்கு உரியது அதன் 69-ஆம் பிரிவு: மணக்கும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்து உறவு கொள்வது, 10 வருடம் வரை சிறை. இது 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய சம்பவங்களுக்குத்தான். முந்தையவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம். பெரும்பாலான புகார்கள் இடறுவது ஒரே இடத்தில். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, பிறகு மனம் மாறியதா என்று நீதிமன்றம் பார்க்கும். 2019-இல் பிரமோத் சூர்யபான் பவார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பின்வாங்கியவரை இதில் சேர்ப்பது கஷ்டம். நிச்சயம் முடிவான பிறகும் அதை மறைத்து "உன்னைத்தான் கட்டுவேன்" என்று பழகினாரா? அந்த மெசேஜின் தேதியும் நிச்சயத் தேதியும்தான் உங்கள் வழக்கின் உயிர்.

ஓலையைத் தடுக்க முடியாது. ஏற்கெனவே திருமணம், நெருங்கிய ரத்த உறவு போன்ற தடை இருந்தால்தான் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும். மண வாக்குறுதியை வைத்துத் திருமணத்தைக் கேட்க முடியாது, நஷ்டத்தைக் கேட்கலாம் என்பதே கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1062-ஆம் விதியும்.

பணத்தை விடாதீர்கள். அனுப்பிய நாள்களின் பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுங்கள், வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், வராவிட்டால் சிவில் வழக்கு. கடனுக்குக் கெடு, கொடுத்த நாளிலிருந்து 3 வருடம்; நாலு வருடப் பழக்கம் என்பதால் முதலில் இந்தத் தேதியைப் பாருங்கள். வாக்கு மீறலுக்கான நஷ்டஈட்டுக்கும், மீறிய நாளிலிருந்து 3 வருடம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், போனில் 15100.

தூக்கமில்லாமல், செத்துவிடலாம் என்றோ அவரை ஏதாவது செய்துவிடலாம் என்றோ எண்ணம் வந்தால் அன்றைக்கே மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அவர் நம்பரை பிளாக் செய்யலாம், சாட்டை அழிக்கக் கூடாது. போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுப் பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63-ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். அதற்கு அசல் போனையே வக்கீலிடம் எடுத்துச் செல்லுங்கள்.