அளவாகத்தான் குடிக்கிறார்

ஆசிரியருக்கு,
சூதாட்டத்தை நிறுத்த அண்ணன் நான்கு மாதமாகச் சிகிச்சைக்குப் போகிறார். அதன் பிறகும் இரண்டு முறை பணம் விட்டுவிட்டார், இரண்டும் இரவில். மாலையில் குடிப்பார், அளவாகத்தான். அதையும் பிடுங்கினால் உடைந்துபோவார் என்று அம்மா பயப்படுகிறார். குடிப்பதைச் சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டுமா? மருந்து உண்டா? இது பரம்பரையா?
- ர.

அன்புள்ள ர,

பரம்பரையா என்பதை விடுங்கள். தெரிந்து இப்போது என்ன செய்யப்போகிறீர்கள்? குடிநோய்க்குத் தரும் நால்ட்ரெக்சோனைச் சூதாட்டத்துக்கும் சோதித்திருக்கிறார்கள். அது மருத்துவர் பாடு.

நான் நின்றுவிட்டது 'அளவாக' என்ற சொல்லில். யார் அளந்தது? குடிக்கிறவரே ஊற்றி, அவரே எண்ணி, அவரே சொல்கிறார். நீங்கள் அதை அப்படியே எனக்கு எழுதுகிறீர்கள். ஆண்கள் சொல்லும் இந்தக் கணக்கில் பாதியைக்கூட நான் நம்புவதில்லை. நானும் சொன்னவன்தான். சரி, உண்மையிலேயே அளவு என்றே வைத்துக்கொள்வோம். 'விட்டதைப் பிடித்துவிடலாம்' என்று மனம் துள்ளும்போது சற்றுப் பொறுக்க, யாரையாவது அழைக்க, 'பத்து முறை தோற்றால் அடுத்தது ஜெயிக்குமா என்ன?' என்று தன்னையே கேட்கத்தான் சிகிச்சையில் பழக்குகிறார்கள். குடி முதலில் தளர்த்துவது அந்தப் பொறுமையைத்தான். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். இங்கே பகலில் பேசியது பொழுது சாய்ந்தால் போச்சு.

சூதாட்டச் சிகிச்சைக்குப் போன என் நண்பனிடம் ஒரு நோட்டு இருந்தது. ஆசை எழும்போதெல்லாம் நேரம், இடம், மனநிலை, போன பணம் எல்லாம் எழுத வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை குண்டு குண்டான கையெழுத்து. வெள்ளியும் சனியும் வெற்றுத்தாள். "அன்றைக்கு ஆசையே வரவில்லை" என்றான். பணம் போனதெல்லாம் அந்த இரண்டு நாளில்தான். குடிக்கு அதில் கட்டமே இல்லை. சிகிச்சை தந்தவர்கள் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஏழு மாதம் வியாழக்கிழமைக்காரனுக்குச் சிகிச்சை நடந்தது. சூதாடியவன் வெள்ளிக்கிழமைக்காரன்.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே 1980இல் சூதாட்ட நோயைத் தனியாகத்தான் வைத்தது. 2013இல்தான் குடியோடு ஒரே அத்தியாயத்துக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டில் இன்னும் 1980 நடக்கிறது. அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தக் கரிசனத்தில்தான் அண்ணன் ஒளிந்துகொள்கிறார். சொல்லுங்கள், அடுத்த முறையே, அவரை வைத்துக்கொண்டே. ஒன்று மட்டும்: தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவரைக் கேட்காமல் பாட்டிலை ஒளித்து வீரம் காட்டாதீர்கள்.

கோபப்படுவார். என் நண்பனும் பட்டான். நோட்டில் ஸ்கேல் வைத்து 'எத்தனை? எத்தனை மணிக்கு?' என்று நானே ஒரு கட்டம் போட்டேன். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் வாரம் நோட்டை என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். வெள்ளிக்கிழமைப் பக்கம். கோணல்மாணலாக, வரி தாண்டி: நான்கு, 9.40.