ஏஐ வகுப்புக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எட்டு வருடமாகக் கணக்கு எழுதுவினைஞராக இருக்கிறேன். அண்மையில் வேலைக்கு வந்த தம்பி ஒருவர், எனக்கு ஒரு காலைப்பொழுது பிடிக்கிற கடிதத்தை சாட்ஜிபிடியை வைத்துத் தேத்தண்ணி ஆற முதல் முடித்துவிடுகிறார். முகாமையாளரும் இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறார். வவுனியாவில் ஏஐ வகுப்பு ஒன்று நடக்கிறதாம், கட்டணம் என் சம்பளத்தில் பாதி. சேரவா? சேராவிட்டால் வேலை போய்விடுமா?

பதில்: இப்போதைக்குச் சேர வேண்டாம். வேலை போகாது என்று எழுதித் தர என்னால் முடியாது. ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம் பிழையான இடம்.

தம்பியின் வேகம் மெய்தான். 2023 இல் வெளியான ஆய்வொன்று, ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை எடுத்துப் பார்த்தது. ஏஐ உதவி கிடைத்த பிறகு அவர்கள் முடித்த வேலை சராசரியாக 14 வீதம் கூடியது. புதியவர்களுக்கு அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நன்றாகப் பழகியவர்களுக்கோ பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கெட்டிக்கார ஊழியர்கள் முன்பு எப்படிப் பதில் சொன்னார்கள் என்பதைப் படித்துத்தான் அந்தக் கருவி ஆலோசனை சொன்னது. பழையவர்களின் கைப்பக்குவம்தான் புதியவர்களின் கைக்குப் போனது.

ஆனால் வேலை முடிவதும் வேலை படிவதும் ஒன்றாகவே நடக்கும் என்றில்லை. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வைப் பாருங்கள். சாட்ஜிபிடி போன்ற ஒன்றை வைத்துக் கணக்குப் பயிற்சி செய்தவர்கள் மற்றவர்களை விட 48 வீதம் நன்றாகச் செய்தார்கள். பிறகு அதைப் பறித்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அதைத் தொடாமலே படித்தவர்களை விட 17 வீதம் குறைவாக எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த கருவி கிடைத்தது. அவர்களுக்கு அந்தப் பாதிப்புப் பெரும்பாலும் வரவில்லை.

உங்கள் மேசைக்கே வருவோம். ஒருவருக்கு இந்த மாதம் மொத்தம் 50,000 ரூபா, அதில் 8,000 மேலதிக நேரக் கொடுப்பனவு என்று வையுங்கள். ‘சம்பளம் 50,000, ஈபிஎஃப் எவ்வளவு பிடிக்க வேண்டும்?’ என்று தம்பி தமிழில் கேட்கிறார். ஈபிஎஃப் என்பது ஊழியர் சேமலாப நிதி. இணையத்தில் உள்ள தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வருவது, அங்கேயும் இதற்கு ஈபிஎஃப் என்றுதான் பெயர். ஆகவே நாட்டைச் சொல்லாமல் கேட்டால் இந்தியக் கணக்குப்படி 12 வீதம், 6,000 ரூபா என்று பதில் வர இடமுண்டு. ‘இலங்கை’ என்று சேர்த்துக் கேட்டால் 8 வீதம், 4,000 என்று திருந்தி வரலாம். அதுவும் பிழை. மேலதிக நேரத்துக்குச் சேமலாப நிதி பிடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 42,000 இல் 8 வீதம், 3,360 ரூபாதான் பிடிக்க வேண்டும். சங்கம் போட வேண்டியது 12 வீதம், அப்புறம் ஈடிஎஃப் எனும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். இவை இரண்டும் ஊழியரின் சம்பளத்தில் கை வைக்காமல் போக வேண்டிய காசு. ஏஐ இந்த மூன்று பதிலையும் ஒரே துணிச்சலோடுதான் சொல்லும். பட்டியலைப் பார்த்த உடனே ‘இது கூடிப் போச்சே’ என்று உங்களுக்குப் படும். தம்பிக்குப் படாது.

தம்பிக்கும் இதில் நட்டம் இருக்கிறது, அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்பென்றால் புதிதாக வந்தவர் மேசைக்கு மேசை போய்க் கேட்பார், ஏச்சும் வாங்குவார், அந்த ஏச்சோடு சேர்ந்து அலுவலகத்தின் உள்விஷயமும் அவருக்குள் இறங்கும். எந்த அங்கத்தவர் காலபோக நெல்லை விற்ற பிறகுதான் கடன் கட்டுவார், எந்தச் சுற்றுநிருபத்துக்குப் பிறகு எந்தப் படிவம் மாறியது என்பதெல்லாம் எந்தக் கருவியிலும் இல்லை, உங்கள் தலையில் இருக்கிறது. இப்போது அவர் கைத்தொலைபேசியைக் கேட்கிறார், உங்களைக் கேட்பதில்லை. ஆகவே முகாமையாளரிடம் போய், தம்பி வரைவு எழுதட்டும், நான் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கிறேன், எனக்கு அவர் கருவியைக் காட்டித் தரட்டும் என்று கேளுங்கள். தயங்காதீர்கள். பிழைத்த சம்பளப் பட்டியலுக்குக் கணக்காய்வில் பதில் சொல்லப்போவது முகாமையாளர்தான், அவருக்கு இது உடனே விளங்கும்.

நீங்கள் பழகும்போது முதலில் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். பிறகு அதைக் கொடுத்து, ‘திருத்தி எழுதாதே, எந்த இடம் விளங்கவில்லை என்று மட்டும் சொல்’ என்று கேளுங்கள். துருக்கி மாணவர்களுக்குத் துப்பு மட்டும் கொடுத்ததும் இதே வழிதான். கொழும்பிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதங்களை விளங்கிக்கொள்ள இது நல்ல உதவி, நானே பரிந்துரைப்பேன். ஆனால் திகதியையும் தொகையையும் மூலக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கம், கடன் விபரம் ஒன்றையும் அதில் போட வேண்டாம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022 இலேயே 9 ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது, தம்பிக்கும் சொல்லி வையுங்கள்.

வகுப்புக்குக் கட்டும் காசில் எக்செல் ஒழுங்காகப் படித்தால் அதிகம் தேறும். ஏஐ போட்டுத் தரும் கணக்கைப் பிரித்துப் பார்க்க அது வேண்டும். அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்திலும், கிட்டவுள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்திலும் என்ன நடக்கிறது, அதற்கு என்விகியூ எனும் தேசிய தொழில் தகைமை உண்டா என்று முதலில் விசாரியுங்கள். வவுனியா வகுப்பில்தான் மனம் நிற்கிறதென்றால், ஒரு மாதிரிச் சம்பளப் பட்டியலைப் பெயரில்லாமல் கொண்டுபோய், இதில் உள்ள பிழையை ஏஐயை வைத்து எப்படிப் பிடிப்பது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டினால் காசைக் கட்டலாம். ‘ஆயிரம் பிராம்ப்ட் (ஏஐயிடம் கேட்க எழுதிவைத்த கேள்விகள்) அடங்கிய பிடிஎஃப் தருவோம்’ என்றால் பஸ் காசோடு போகட்டும், திரும்பி வாருங்கள்.