ஃபைல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) மென்பொருளில் ஒரே ஃபோல்டர், வேறு வேறு பட்டியல்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ‘எல்எஸ்’ அடித்தால் லாக்ஸ் ஃபோல்டர் தெரிகிறது. ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ அடித்தால் காணவில்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், இரண்டும் படிப்பது வேறு வேறு பட்டியலை. டிஸ்கில் இப்போது இருப்பதை ‘எல்எஸ்’ காட்டும். இன்டெக்ஸில், அதாவது அடுத்துச் சேமிக்க கிட் வைத்திருக்கும் பட்டியலில், பதிவானதை ‘எல்எஸ்-ஃபைல்ஸ்’ காட்டும். ‘எல்எஸ்-ட்ரீ ஹெட்’ கொடுத்தால் கடைசி கமிட்டில் (கிட்டில் சேமித்த பதிப்பில்) இருப்பது வரும். பட்டியல் குழப்பம் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே, எந்தக் கட்டளை அடித்தீர்கள் என்பதுதான்.

இன்டெக்ஸில் சாதாரணமாக ஃபைல்களின் பாதைகள்தான் பதிவாகும். அதனால் காலி ஃபோல்டரை கிட்டில் சேர்க்கவே முடியாது. உங்கள் லாக்ஸ் ஃபோல்டர் காலியாக இருந்தால் அது காணாததற்கு இதுதான் காரணம். அது வேண்டுமென்றால் உள்ளே ஏதாவது ஒரு ஃபைல் போடுங்கள். பலரும் ‘.கிட்கீப்’ என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பெயருக்குத் தனிச் சக்தி எதுவும் இல்லை.

கேள்வி: நானும் நண்பரும் ஒரே கமிட்டில்தான் இருக்கிறோம். ‘எல்எஸ்-ட்ரீ’ அவருக்கு நிறைய காட்டுகிறது, எனக்கு நாலைந்துதான்.

பதில்: நீங்கள் உள் ஃபோல்டர் ஒன்றில் நின்று அடித்திருப்பீர்கள். அங்கிருந்து அடித்தால் அந்த ஃபோல்டரில் உள்ளது மட்டும் வரும். ‘--ஃபுல்-ட்ரீ’ சேருங்கள். உள்ளே உள்ளேயும் போக ‘-ஆர்’ வேண்டும்.

கேள்வி: கான்ஃபிக் ஃபைலை, கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றை எழுதும் ‘.கிட்இக்னோர்’ல் போட்ட பிறகும் பட்டியலில் வருகிறதே?

பதில்: ஏற்கெனவே கிட் கண்காணிக்கும் ஃபைலை இக்னோர் தொடாது. ‘கிட் ஆர்எம் --கேஷ்டு’ கொடுத்து கமிட் செய்யுங்கள். உங்கள் டிஸ்கில் ஃபைல் அப்படியே இருக்கும். ஆனால் அந்த கமிட்டைப் புல் (pull) செய்து தங்கள் கணினிக்கு எடுக்கும் மற்றவர்களின் டிஸ்கிலிருந்து அழிந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதில் பாஸ்வேர்டு இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பழைய கமிட்களில் அது இன்னும் இருக்கிறது.

கேள்வி: லினக்ஸ் சர்வரில் ‘README’, ‘Readme’ என்று இரண்டு ஃபைல். என் விண்டோஸில் ஒன்றுதான். எதையும் தொடாமலே ஸ்டேட்டஸில் மாற்றம் காட்டுகிறது.

பதில்: விண்டோஸ் சாதாரணமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. இரண்டு ஃபைலும் ஒரே இடத்தில் எழுதப்படுகின்றன. உள்ளடக்கம் வேறு என்றால் ஒன்று மாறியதாகத்தான் தெரியும். லினக்ஸில் வைத்தே ஒன்றை நீக்கி கமிட் செய்யுங்கள். மேக்கிலும் இதே தொல்லை வரும்.

கேள்வி: தமிழில் பெயர் வைத்த ஃபைல் ‘\340\256\225’ என்று ஏதேதோ வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: இல்லை, அது ‘க’தான். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். அவற்றை கிட் எண்ணாகக் காட்டுகிறது. ‘core.quotepath’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள், தமிழிலேயே வரும்.