ஒரே வேலைக்கு இரு சம்பளம் ஏன்? — வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன்கள் இருவரும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்கள். மூத்தவன் சிமென்ட் ஆலையிலும் இளையவன் நூற்பாலையிலும் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார்கள். பேரிங் மாற்றுவதும் பெல்ட் சரிபார்ப்பதும்தான் இருவருக்கும் வேலை. ஆனால் மூத்தவன் வாங்குவதில் பாதிதான் இளையவனுக்கு. இது திறமைக் குறைவா?
— வாசகர், வாளையார்

பதில்: திறமைக் குறைவு அன்று. பொருளின் அடக்கவிலையில் கூலியின் பங்கு எவ்வளவு, அந்தத் தொழிலாளி வராமல் போனால் முதலாளிக்கு எவ்வளவு நட்டம் என்னும் இரண்டும் சேர்ந்தே ஒரு தொழிலின் கூலியைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. சிமென்ட் ஆலையின் செலவில் பெரும்பகுதி எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் லாரி வாடகைக்கும் போய்விடுகிறது. இரவு பகலாக எரியும் கில்ன் என்னும் சுழல் சூளை ஒரு பேரிங் கோளாறால் நின்றுவிட்டால், அதை ஆறவைத்துப் பழுதுபார்த்து மீண்டும் சூடேற்றுவதற்குள் ஏற்படும் இழப்பு ஒரு ஃபிட்டரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஆகவே அங்கே நல்ல ஆளைக் கூடுதலாகக் கொடுத்தேனும் நிறுத்திவைத்துக்கொள்வது நிர்வாகத்துக்கு லாபம். நூற்பாலையில் ஒரு ஃபிரேம், அதாவது நூற்கும் இயந்திரம், நின்றால் பக்கத்து ஃபிரேம் ஓடிக்கொண்டிருக்கும். பஞ்சு விலையும் மின்கட்டணமும் முதலாளியின் கையில் இல்லாததால், அவர் இறுக்கிப் பிடிக்கக்கூடியது கூலியை மட்டுமே.

இந்த வரிசை எளிதில் மாறுவதுமில்லை. சம்னர் ஸ்லிக்டர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், 1923 முதல் 1946 வரை அந்நாட்டுத் தொழில்களில் பயிற்சியற்ற தொழிலாளர் பெற்ற கூலியை ஒப்பிட்டு, அதிகம் கொடுத்த தொழில்கள் பெரும்பாலும் அதிகம் கொடுப்பனவாகவே நீடித்தன என்று 1950-இல் காட்டினார். நம் பக்கத்தில் ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு, அது பஞ்சாலைதான். 1957-இல் பருத்தி ஆலைகளுக்கென ஊதியக் குழு அமைந்த காலத்தில், கோவையில் மில் வேலை என்றால் யோசிக்காமல் பெண் கொடுத்தார்கள். விசைத்தறியின் போட்டியும், நிரந்தரத் தொழிலாளிக்குப் பதிலாக விடுதியில் தங்கவைத்த இளம்பெண்களைப் பயிற்சியாளர் என்ற பெயரில் வேலை வாங்கிய வழக்கமும் அந்த மதிப்பைக் கரைத்துவிட்டன. இளையவரின் சம்பளத்தில் தெரிவது அந்தச் சரிவு.

மூத்தவர் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தக்காரரின் ஆளா என்பதை நீங்கள் எழுதவில்லை. 2000-01-இல் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர், 2022-23-இல் பத்தில் நால்வராகிவிட்டனர். ஒரே ஆலைக்குள்ளேயே இரு கூலி என்பது இப்போது சாதாரணம்.

கேள்வி: கொல்லத்து முந்திரி முதலாளிகள் பலர் எங்கள் குமரி மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் (முந்திரி உடைக்கும் ஆலை) நடத்துவது ஏன்?
— வாசகி, களியக்காவிளை

பதில்: 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலியை நிர்ணயிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் மாநில அரசுகளிடம் விட்டது. 1956 நவம்பர் 1 வரை உங்கள் ஊரும் கொல்லமும் ஒரே ஆட்சியில் இருந்தன; அதன்பின் எல்லைக்கு அப்பால் சங்கங்கள் வலுத்துக் கூலி உயர்ந்தது, இப்பால் அந்த அளவுக்கு உயரவில்லை. ஓட்டை உடைப்பதும் தோல் உரிப்பதும் நெடுங்காலம் பெண்களின் கைவேலையாகவே இருந்ததால் செலவில் கூலியின் பங்கு பெரிது. பெரிய இயந்திரங்கள் இல்லாததால் இடம்பெயர்வதும் எளிது. வாங்கும் கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவது என்பதால், அதைக் கொல்லத்தில் உடைத்தால் என்ன, மார்த்தாண்டத்தில் உடைத்தால் என்ன? பீடித் தொழிலிலும் இதே கதை நடந்தது. 1966-ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரளம் நடைமுறைப்படுத்த முனைந்தபோது, மங்களூர் முதலாளிகள் கண்ணூரில் கடையை மூடிவிட்டார்கள். வேலையிழந்தவர்களுக்காக 1969-இல் தினேஷ் பீடிக் கூட்டுறவு பிறந்தது. ஓட்டின் பால் பட்டுக் கறுத்துப் பொத்துப்போகும் விரல்கள் எல்லையின் இரு பக்கமும் ஒன்றுதான். எண்ணிக் கொடுக்கும் தொகைதான் வேறு.

கேள்வி: 1982-இல் என் தந்தைக்கு மாதம் 600 ரூபாய். 2024-இல் அதே தொழிலில் எனக்கு 18,000. முப்பது மடங்கு உயர்வுதானே?
— வாசகர், செங்கோட்டை

பதில்: இல்லை. தொழிலாளர்க்கான நுகர்வோர் விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 1982-லிருந்து 2001-க்கு மாறியபோது இணைப்புக் காரணி (புதிய குறியீட்டைப் பழைய கணக்குக்குக் கொண்டுவரப் பெருக்க வேண்டிய எண்) 4.63, அதிலிருந்து 2016-க்கு மாறியபோது 2.88. இரண்டையும் பெருக்கினால் 13.3 வருகிறது. 2016-ஐ 100 எனக் கொண்ட குறியீடு 2024 ஜூலையில் 142.7. 13.3-ஐ 1.427-ஆல் பெருக்கினால், விலைவாசி ஏறத்தாழ 19 மடங்கு. ஆக, தந்தையின் 600 ரூபாய் 2024-இல் ஏறத்தாழ 11,400 ரூபாய்க்குச் சமம். உங்கள் உண்மையான உயர்வு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அந்த 18,000-இல் ஓவர்டைம் கலந்திருந்தால், அதைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்.