ஏறும்போது குதிகால், இறங்கும்போது நகம்

கேள்வி: மலையேற்றத்துக்கென்றே தண்ணீர் புகாத ஷூ வாங்கினேன். ஏறும்போது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இறங்கி வந்து சாக்ஸைக் கழற்றினால் பெருவிரல் நகங்கள் கறுத்துக் கிடக்கின்றன. கடையில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்ததே! அடுத்த முறைக்கு ஓர் அளவு பெரிதாக வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், இருக்கிற ஷூவை முதலில் சோதித்துப் பார்ப்போம். உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை (இன்சோல்) வெளியே எடுத்துத் தரையில் போட்டு, நடைக்குப் போடும் அதே சாக்ஸோடு முழு எடையையும் ஊன்றி அதன் மேல் நில்லுங்கள். உங்கள் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். பலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், அதைக் கவனியுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் ஷூ சிறியதுதான், மாற்றுங்கள்.

இடம் இருந்தும் நகம் கறுத்தால், இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி இடிக்கிறது என்று அர்த்தம். இன்னும் பெரிய ஷூ வாங்கினால் சறுக்கல்தான் கூடும். லேஸைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே இருக்கும் கடைசி இரண்டு துளைகளிலும் அதே பக்கத்து லேஸைச் செருகி, அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன வளையம் விடுங்கள். வலது நுனியை இடது வளையத்திலும், இடது நுனியை வலது வளையத்திலும் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. இறக்கம் தொடங்குமுன் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளிவிட்டு, மறுபடி இறுக்குங்கள். நகத்தையும் இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

புதிதாக வாங்குவதானால் மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்தால் பாதம் சற்று வீங்கும், மலையிலும் அப்படித்தான். கடையில் சரிவுப் பலகையோ படியோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் இடித்தால் எவ்வளவு நல்ல ஷூவானாலும் வேண்டாம்.

தண்ணீர் புகாத ஷூ ஈரத்திலும் குளிரிலும் நல்லது. வெயிலில் வியர்வை உள்ளேயே தங்கும், ஊறிய தோல் சீக்கிரம் உரசிக் கொப்பளிக்கும். பருத்தி சாக்ஸும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், ஷூவை மாற்றுமுன் மெல்லிய கம்பளி சாக்ஸோ செயற்கை இழை சாக்ஸோ இரண்டு ஜோடி வாங்குங்கள்.

கேள்வி: கொப்புளம் வந்தால் உடைத்துவிடலாமா?

பதில்: சின்னதென்றால் தொடவே வேண்டாம், மேல்தோல்தான் அதற்குக் காவல். பெரிதாகி நடக்கவே முடியவில்லையா? கையையும் அந்த இடத்தையும் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். தோலை உரிக்காமல் கட்டுப் போடுங்கள். சர்க்கரை நோயாளிகள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. சீழோ, பரவும் சிவப்போ, காய்ச்சலோ தெரிந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கொப்புளத்துக்கு முன்னால் ஒரு சூடு தெரியும், ஓர் இடம் மட்டும் காந்தும். கூட வருபவர்களை நிறுத்தச் சங்கடப்பட்டுத்தான் பலர் அதைப் பொறுத்துக்கொண்டு நடக்கிறார்கள். தயங்காமல் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து டேப் ஒட்டுங்கள்.

அப்புறம், கால் பிசகி நான்கு அடிகூட ஊன்ற முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, சுளுக்கு என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

கேள்வி: பல வருடம் பெட்டியிலேயே இருந்த ஷூ, ஒருமுறைகூடப் போடவில்லை. எடுத்துப் போகலாமா?

பதில்: நம்பாதீர்கள். பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகம் போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதையும். சோலை வளைத்து, பக்கவாட்டை விரலால் அழுத்துங்கள். விரிசலோ உதிரும் தூளோ தெரிந்தால் பாதி வழியில் சோல் கழன்று வரும். தள்ளுபடியில் கிடக்கும் பழைய சரக்கையும் இப்படிப் பார்த்தே வாங்குங்கள்.